கடல் சூடானால் கரையில் ஏன் கொட்டுகிறது? கடல் வெப்பநிலையை வைத்துக் கனமழையைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

பெருமழை அடித்து ஓய்ந்ததும் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும்: கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததே காரணம். பல நேரங்களில் அது சரிதான், ஆனால் பாதி மட்டுமே சரி. கடல் கொதித்துக் கிடந்தும் கரையில் ஒரு சொட்டு விழாத வாரங்கள் ஏராளம். நீரும் ஆற்றலும் கடலிலிருந்து கிளம்புகின்றன. அவை எந்த நிலத்தில், எத்தனை மணி நேரத்தில் இறங்கும் என்பதைக் காற்றும் மலையும் மேலடுக்கு வளிமண்டலமும் முடிவு செய்கின்றன. இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிடித்துப் போனால், ஒரு கடல் வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று யாரும் பழகிவிடலாம். இயற்பியல் பட்டம் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

படி 1: எந்த வெப்பநிலையைப் பார்க்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் இரண்டு வகை. ஒன்று உண்மையான வெப்பநிலையைக் காட்டும்: இந்த இடத்தில் இன்று 29 டிகிரி செல்சியஸ். இன்னொன்று விலகலைக் காட்டும்: நீண்டகாலச் சராசரியைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு. அந்தச் சராசரிக்கு இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரையான 30 ஆண்டுகளை எடுக்கிறார்கள்.

அடர் சிவப்பைக் கண்டு பதறுபவர்கள் அநேகமாக விலகல் வரைபடத்தைத்தான் பார்த்திருப்பார்கள். குளிர்ந்த கடல் ஒன்றில் 12 டிகிரி இருக்க வேண்டிய நீர் 15 டிகிரிக்கு வந்தால் வரைபடம் எரிவதுபோல் தெரியும். ஆனால் 15 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவி, 29 டிகிரியில் தாங்கக்கூடியதில் பாதிகூட இல்லை. அந்த 29 டிகிரி நீர் வெப்பமண்டலத்தில் சர்வ சாதாரணம், விலகல் வரைபடத்தில் அது வெள்ளையாகவே இருக்கலாம். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை உண்மையான வெப்பநிலை சொல்லும். வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை விலகல் சொல்லும்.

அளவிடும் விதத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும் செயற்கைக்கோள் கடலின் மேல்தோலை மட்டும் பார்க்கிறது, அதுவும் மேகம் இல்லாதபோதுதான். மைக்ரோவேவ் கருவி மேகத்தை ஊடுருவும், ஆனால் பலத்த மழைக்குள்ளும் கரையை ஒட்டியும் தடுமாறும். மிதவைகளும் கப்பல்களும் சில அடி ஆழத்து நீரை அளக்கின்றன. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இவற்றையெல்லாம் சேர்த்து, அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் டிகிரி கட்டங்களாக, 1981 செப்டம்பரிலிருந்து நாள்தோறும் உள்ள தொகுப்பைத் தருகிறது. பழகத் தொடங்குபவருக்கு அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. காற்றே இல்லாத வெயில் மதியத்தில் கடலின் மேலடுக்கு மட்டும் இரண்டு, மூன்று டிகிரி சூடேறி, இரவில் பழையபடி ஆகிவிடும். ஒரே ஒரு நாள் தெரியும் சிவப்புத் திட்டை நம்ப வேண்டாம். ஏழு நாள் சராசரியிலும் அது நின்றால்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 2: ஒரு டிகிரிக்கு எவ்வளவு நீராவி என்று கணக்குப் போடுங்கள்

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. கிளாசியஸ், கிளாபெய்ரான் என்ற இரு 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் பெயரில் வழங்கும் விதி இது. முழு வழிகாட்டியிலும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே எண் இதுதான்.

7 சதவீதம் கூட்டு வட்டிபோல் ஏறும் என்பதைக் கவனியுங்கள். 20 டிகிரியில் தெவிட்டிய நீராவியின் (காற்று இதற்கு மேல் தாங்காது என்ற அளவு நீராவியின்) அழுத்தம் சுமார் 23 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), 30 டிகிரியில் சுமார் 42. அதனால் 19-இலிருந்து 20-க்குப் போவதும் 29-இலிருந்து 30-க்குப் போவதும் ஒன்றல்ல. பின்னதில் கிடைக்கும் கூடுதல் நீராவி ஒன்றரை மடங்குக்கும் மேல். ஏற்கெனவே சூடான கடல் இன்னும் கொஞ்சம் சூடாவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

சூடு மட்டும் இருந்தால் ஆவியாதல் வேகம் பிடிக்காது. கடலை உரசிப் போகும் காற்றின் வேகமும், அந்தக் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதும் சேர வேண்டும். அமைதியான சூடான கடலைவிட, காற்று வீசும் ஓரளவு சூடான கடல் அதிக நீராவியை ஏற்றி அனுப்பலாம்.

நீராவியோடு ஆற்றலும் ஏறுகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். கடல் இழக்கும் அந்த ஆற்றல் நீராவிக்குள் ஒளிந்திருந்து, மேகத்தில் நீர்த்துளியாக மாறும்போது வெளியே வருகிறது. வந்ததும் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. மேலே போகும் காற்று கீழிருந்து இன்னும் ஈரக்காற்றை இழுக்கிறது. கனமழை தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான். இதனால் சில மணி நேரமே பெய்யும் மழை 7 சதவீதக் கணக்கையும் தாண்டலாம். நெதர்லாந்தின் டி பில்ட் நிலையத்தின் மணிக்கணக்குப் பதிவுகளில், வெப்பமான நாட்களில் பெய்த கடும் மழை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 14 சதவீதம் என்ற வீதத்தில் கூடியதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உலகின் மொத்தச் சராசரி மழை ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. மொத்தம் மெதுவாக ஏற, உச்சம் வேகமாக ஏறுகிறது. அதாவது மழை குறைந்த நேரங்களில் குவிந்து கொட்டுகிறது, இடையில் வறண்ட நாட்கள் நீளுகின்றன. கடல் சூடாவதால் வெள்ளமும் வறட்சியும் ஒரே இடத்தில் வருவதில் முரண் ஏதும் இல்லை.

படி 3: அந்த ஈரக்காற்று மேலே ஏறுமா என்று பாருங்கள்

வெப்பமண்டலப் புயல் உருவாக 26.5 டிகிரி தேவை என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயரமான இடிமேகங்கள் தாராளமாக எழ 28 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை வேண்டும் என்பது இன்னொரு நடைமுறைக் கணக்கு. இந்தியப் பெருங்கடலை வைத்து வானிலை அறிஞர் சுலோசனா காட்கிலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1984-இல் காட்டியது முக்கியமானது: அந்த எல்லைக்குக் கீழே மேகம் அரிது. எல்லையைத் தாண்டிய பிறகோ, கடல் இன்னும் சூடாக இருப்பதாலேயே மேகம் கூடும் என்று சொல்ல முடியாது. எல்லைக்கு மேலே போனால் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே யார் வருவார்கள் என்பது வேறு கணக்கு.

இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பமண்டலம் முழுதும் சூடாகும்போது மேலடுக்குக் காற்றும் சூடாகிறது, மேகம் எழத் தேவையான எல்லையும் கூடவே உயர்கிறது. ஆகவே ஒரு கடல்பகுதி தன் அக்கம்பக்கத்தைவிட எவ்வளவு சூடு என்பதுதான் நம்பத் தகுந்த குறி. வரைபடத்தில் வெப்பத்தின் அளவை மட்டும் பார்க்காமல், சூடும் குளிரும் சந்திக்கும் விளிம்புகளைத் தேடுங்கள். காற்று பெரும்பாலும் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கம் நோக்கிக் குவியும்.

வெப்பமண்டலத்துக்கு வெளியே மேலடுக்கின் குளிர்ச்சிதான் பெரிய ஆள். மத்தியதரைக் கடலில் கோடைச் சூடு அக்டோபர் வரை தேங்கி நிற்கிறது, மேலே குளிர்காலக் காற்றோ முன்கூட்டியே வந்துவிடுகிறது. கீழே சூடும் ஈரமும், மேலே குளிர்ச்சி. 22 டிகிரி கடல்கூட அங்கே மோசமான மழையைத் தரும்.

படி 4: காற்றைப் பின்தொடருங்கள்

என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஒரு இடத்தின் தலைக்கு மேலே உள்ள காற்றில் இருக்கும் நீராவி அத்தனையையும் அப்படியே நீராக்கிக் கொட்டினால் எவ்வளவு வரும்? உலகச் சராசரி சுமார் 25 மில்லிமீட்டர். ஈரமான பருவமழை நாளில் 60, 70 மில்லிமீட்டர். இப்போது 2005 ஜூலை 26-ஐ நினைத்துப் பாருங்கள். மும்பை சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. தலைக்கு மேலே இருந்ததைப்போல் பதின்மடங்குக்கு மேல்! மீதி அத்தனையும் வேறிடத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே பெருமழை என்பது விநியோகப் பிரச்சினை. கடல் நீராவியைத் தயாரித்தால் போதாது. அதை ஒரே இடத்துக்குத் தொடர்ந்து கொண்டுவந்து குவிக்கும் காற்று வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது இது: 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தின் காற்று வரைபடத்தைத் திறங்கள், அது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம். மழை எதிர்பார்க்கும் இடத்தில் விரலை வைத்து, காற்று வந்த வழியே இரண்டு மூன்று நாள் பின்னோக்கிப் போங்கள். அந்தப் பாதை எந்தக் கடலைத் தொடுகிறதோ, அந்தக் கடலின் வெப்பநிலைதான் உங்களுக்கு வேண்டியது. கரைக்கு அடுத்தே இருக்கும் கடல் சிவப்பாக இருந்தும், காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசினால், அந்தச் சிவப்பால் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

மத்திய அட்சரேகைகளில் இந்தக் காற்றோட்டம் குறுகி நீண்ட பட்டைகளாகவே அமைகிறது. வளிமண்டல ஆறுகள் என்று அவற்றுக்குப் பெயர். வலுவான ஒன்று, மிசிசிப்பி ஆறு கடலில் சேர்க்கும் நீரைப்போல் 7 முதல் 15 மடங்கு வரை நீராவியாகச் சுமந்து செல்லும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வரும் பெருவெள்ளங்களில் பலவும் இவற்றின் வேலை.

2017 ஆகஸ்ட்டில் டெக்சஸைத் தாக்கிய ஹார்வி புயலை இந்தப் படிக்குப் பாடமாகவே வைக்கலாம். மெக்சிகோ வளைகுடாவின் சூடான நீருக்கும் கரைக்கும் நடுவே அது நாள்கணக்கில் நகராமல் நின்றது. ஈரம் வந்துகொண்டே இருந்தது, ஓரிடத்தில் மொத்தம் 1,539 மில்லிமீட்டர் பதிவானது. புயல் கடந்த பின் வளைகுடா இழந்த வெப்பத்தையும், மழையாக விழுந்த நீர் விடுவித்த வெப்பத்தையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய பொருந்தின. கடலில் குறைந்தது நிலத்தில் விழுந்தது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் கணக்கு அபூர்வம்.

படி 5: நிலம் என்ன செய்கிறது?

இது எளிது. ஈரக்காற்றின் குறுக்கே மலை நின்றால் காற்று ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் குளிர்ந்து கொட்டும். 1995 ஜூன் 15, 16 தேதிகளில் சிரபுஞ்சியில் 48 மணி நேரத்தில் 2,493 மில்லிமீட்டர் பெய்தது உலகச் சாதனை. வங்காள விரிகுடாவின் ஈரம், வழியில் பெரிய தடையில்லாத சமவெளி, திடீரென எழும் மலைச்சரிவு எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் அது. உங்கள் காற்றுப் பாதை ஒரு மலைத்தொடரைச் செங்குத்தாக முட்டுகிறதா, பக்கவாட்டில் உரசிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: புயல் என்றால் ஆழத்தையும் பாருங்கள்

புயல் கடலைக் கலக்கும். கீழே குளிர்ந்த நீர் இருந்தால் அது மேலே வந்து, புயல் தன் எரிபொருளைத் தானே அணைத்துக்கொள்ளும். புயல் போன பாதையில் மேற்பரப்பு சில டிகிரி குளிர்ந்த தடம் அதனால்தான் விழுகிறது. சூடான அடுக்கு தடிமனாக இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது சூடான நீரே. இதற்காக 26 டிகிரி நீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்று பார்த்து, கடலின் வெப்ப இருப்பைக் கணக்கிடுகிறார்கள். ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் சுற்றி, 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து, பத்து நாளுக்கொரு முறை அளவைத் தருகின்றன.

வங்காள விரிகுடாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பெரிய ஆறுகளும் மழையும் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் லேசான அடுக்காக மிதப்பதால், கீழே உள்ள குளிர்ந்த நீர் அவ்வளவு சுலபமாக மேலே கலப்பதில்லை. ஆக, மேற்பரப்பு வெப்பநிலை ஒன்றாகவே இருக்கும் இரண்டு கடல்கள் ஒரே புயலை வேறு வேறு விதமாக நடத்தும்.

படி 7: தூரத்துக் கடல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இதுவரை பார்த்தது பக்கத்துக் கடல், நேரடி விநியோகம். தூரத்துக் கடலோ காற்றோட்டத்தின் போக்கையே மாற்றி, எந்த நிலத்துக்கு ஈரம் போக வேண்டும் என்று திருப்பிவிடுகிறது.

எல் நினோவை அளக்க, பசிபிக்கில் நிலநடுக்கோட்டின் இருபுறமும் 5 டிகிரி, மேற்கு தீர்க்கரேகை 170 முதல் 120 வரை உள்ள பகுதியைப் பார்ப்பார்கள். நினோ 3.4 என்பது அதன் பெயர். அங்கே சராசரியைவிட 0.5 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ, அதே அளவு கீழே போனால் லா நினா. சூடான நீர் கிழக்கே நகரும்போது இடிமேகக் கூட்டமும் கிழக்கே நகர்கிறது, உலகக் காற்றோட்டம் அதற்கேற்ப வளைகிறது. விளைவு இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். இந்தியாவிலேயே பாருங்கள்: எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம், அதே எல் நினோ வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

குறியீட்டை மட்டும் நம்பினால் ஏமாறலாம் என்பதற்கு 2017-இன் பெரு நாடு சாட்சி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நினோ 3.4 பகுதி இயல்பாகவே இருந்தது. ஆனால் பெருவின் கரையை ஒட்டிய, வழக்கமாகக் குளிர்ந்திருக்கும் கடல் மட்டும் பல டிகிரி சூடேறியது. பாலைவனக் கரையில் பேய்மழை பெய்து நகரங்கள் மூழ்கின. கரையோர எல் நினோ என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்தியப் பெருங்கடலுக்கும் இப்படி ஒரு ஊசலாட்டம் உண்டு. 1999-இல் அறிவியல் உலகுக்கு முறையாக அறிமுகமான இருமுனை நிலை அது. மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தால் நேர்நிலை, தலைகீழானால் எதிர்நிலை. 2019-இன் பிற்பகுதியில் மிக வலுவான நேர்நிலை வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அக்டோபரிலிருந்து வெள்ளம், அதே மாதங்களில் ஆஸ்திரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும்.

தூரத்துக் கடலின் வலிமையை உணர இன்னொரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2010-11-இன் வலுவான லா நினாவில் ஆஸ்திரேலியா உள்ளிட்ட நிலப்பகுதிகளில் பெய்த மழையின் அளவு எவ்வளவு தெரியுமா? உலகக் கடல்மட்டமே தற்காலிகமாக ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இறங்கியது. குவீன்ஸ்லாந்தின் பெருவெள்ளம் அந்தக் கணக்கில் ஒரு பகுதி.

படி 8: எது முன், எது பின்?

மழை நாளின் கடல் வெப்பநிலையை எடுத்து, "கடல் குளிர்ந்துதானே இருக்கிறது" என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் பிழை. மேகம் வெயிலை மறைக்கிறது, காற்று கடலைக் கலக்குகிறது, ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகவே மழை வந்ததும் கடல் குளிரும். பருவமழைக் கடல்களில் வெப்பநிலை உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்தே மழைக்கட்டம் தீவிரமாவது வழக்கம். மழைக்கு முந்தைய இரண்டு வாரங்களின் வரைபடங்களை வரிசையாகப் பாருங்கள், கதை தெளிவாகும்.

படி 9: ஒரு நிகழ்வை எடுத்து எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள்

2024 அக்டோபர் 29, ஸ்பெயினின் வலென்சியா. கடல்: மத்தியதரைக் கடல் அந்த ஆகஸ்ட்டில் அதுவரை காணாத உச்ச வெப்பத்தைத் தொட்டிருந்தது, இலையுதிர் காலத்திலும் சூடு தணியவில்லை. மேலடுக்கு: முதன்மைக் காற்றோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்ட குளிர்ந்த காற்றுச் சுழல் தெற்கே வந்து தங்கிவிட்டது. காற்று: கிழக்கிலிருந்து, கடலின் மேலே நெடுந்தூரம் வந்து நேராகக் கரையை நோக்கியது. நிலம்: கரைக்கு உள்ளே எழும் மலைகள். நேரம்: மேகக்கூட்டம் ஒரே பகுதியின் மேல் மீண்டும் மீண்டும் உருவானது. தூரிஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 771.8 மில்லிமீட்டர், அதில் ஒரே மணி நேரத்தில் 184.6 மில்லிமீட்டர். 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை அவ்வளவாகப் பெய்யாத கீழ்ப்பகுதி ஊர்களில் பலர் இறந்தார்கள் என்பது நெஞ்சை அறுக்கும் உண்மை. மேலே மலையில் விழுந்த நீர் ஓடைகள் வழியே அவர்களை வந்து சேர்ந்தது.

இந்தப் பட்டியலில் கடலின் சூட்டை மட்டும் எடுத்துவிட்டால் மழை பெய்திருக்கும், ஆனால் குறைவாக. குளிர்ந்த சுழலை எடுத்துவிட்டால் அநேகமாக அந்த மழையே இருந்திருக்காது. காரணங்களை இப்படிப் பிரித்துப் பேசப் பழகுங்கள்.

படி 10: காலநிலை மாற்றத்தின் பங்கைச் சொல்லும்போது

புவி வெப்பமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் ஆறாவது அறிக்கை, உலகம் ஒரு டிகிரி சூடானால் ஒரு நாளில் பெய்யும் உச்ச மழை ஏறத்தாழ 7 சதவீதம் தீவிரமாகும் என்கிறது. ஹார்வியின் மழை வெப்பமாதலால் சுமார் 15 சதவீதம் கூடியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 7 சதவீதக் கணக்கை விட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள். மத்திய இந்தியாவில் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் 1950-க்கும் 2015-க்கும் இடையே மூன்று மடங்காகின. ராக்ஸி மாத்யூ கோலும் அவரது குழுவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வட அரபிக்கடல் சூடானதால் தாறுமாறாக ஏறி இறங்கும் பருவக்காற்றைக் காரணமாகக் காட்டியது. அங்கேயும் கடலுக்கும் மழைக்கும் நடுவே நிற்பது காற்றுதான்.

அப்புறம், நடைமுறையில் எதை எப்போது பார்ப்பது? எல் நினோ, இருமுனை நிலை போன்றவை பருவம் எப்படி இருக்கும் என்பதை மாதங்களுக்கு முன்பே கோடிகாட்டும், ஆனால் நாளையோ இடத்தையோ சொல்லாது. பக்கத்துக் கடலின் வெப்பநிலையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். காற்றுப் பாதையும் மேலடுக்குக் குளிர்ச்சியும் ஐந்தாறு நாளுக்கு முன்பிருந்து தெளிவாகத் தொடங்கும், அப்போது தினமும் பாருங்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மணி நேரத்தில் கொட்டும் என்பது கடைசி சில மணி நேரத்தில்தான் ரேடாரில் தெரியும். அந்தக் கட்டத்தில் கடல் வரைபடத்தை மூடிவிட்டு, வானிலை மையத்தின் எச்சரிக்கையையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் பாருங்கள்.